நான் மின்மூளையாக இருந்த இரண்டு நாள்

ஒரு பெட்டி சிந்திக்கிறது என்று சேலத்து ஜனங்களை நம்பவைப்பது மகா கஷ்டம் என்றுதான் நான் முதலில் நம்பினேன். அதற்காக ஒரு மாதம் பயிற்சி எடுத்தேன். கண்ணாடி முன் நின்று, முகத்தை மரக்கட்டையாக வைத்துக்கொண்டு, இயந்திரம் எப்படிப் பேசும் என்று பேசிப் பார்த்தேன். மூடிய பெட்டிக்குள் உட்காரப் போகிறவனுக்கு முகபாவம் எதற்கு என்று அந்த ஒரு மாதமும் எனக்குத் தோன்றவில்லை. என் அறிவின் அளவை இதிலிருந்தே நீங்கள் கணக்கிட்டுக்கொள்ளலாம்.

கணினித் துறையில் இந்த ஆண்டு புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு எதையாவது எழுதித் தரும்படி துறைத் தலைவர் கேட்டார். நான் பௌதிகக்காரன். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டில் இருப்பவன். கணினியைப் பற்றி எனக்குத் தெரிந்தது சொற்பம். ஆனால் உங்களில் யாருக்கும் இல்லாத ஒரு தகுதி எனக்கு உண்டு. நான் கணினியாகவே வேலை பார்த்திருக்கிறேன்.

அறுபதுகளின் நடுவில் நடந்தது. நான் அப்போது கல்லூரி ஆய்வுக்கூடத்தில் டெமான்ஸ்ட்ரேட்டர், மாணவர்களுக்குச் செய்முறை காட்டுபவன். வேலை தற்காலிகம், நிரந்தரமாக்கும் காகிதம் ஏதோ ஒரு மேசையில் தூங்கிக்கொண்டிருந்தது. எங்கள் பேராசிரியருக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. ஞாயிறு தவறாமல் மாதா கோயிலில் பூசை காண்பவர். மற்ற ஆறு நாளும் நூலகத்துக்குக் கப்பலில் வந்து சேரும் பழைய ஆங்கிலப் பத்திரிகைகளில் கிடப்பவர். ஒரு நாள் அப்படிக் கிடந்தவர் எழுந்து வந்து, கண் பளபளக்க என்னைப் பிடித்துக்கொண்டார்.

இங்கிலாந்தில் ஒரு கணித அறிஞர் கேட்டிருந்தாராம். இயந்திரம் சிந்திக்குமா என்று மண்டையை உடைத்துக்கொள்வதை விட்டுவிடு. ஓர் அறைக்கு வெளியே நின்று, எழுத்திலேயே கேள்வி கேள். உள்ளிருந்து எழுத்திலேயே பதில் வரட்டும். உள்ளே இருப்பது ஆளா இயந்திரமா என்று உன்னால் பிரித்துச் சொல்ல முடியாமல் போனால், அது சிந்திக்கிறது என்று ஒப்புக்கொள்வதில் உனக்கு என்ன நஷ்டம்?

அதற்கும் நூறு வருஷம் முன்னால் ஒரு சீமாட்டி இதற்கு நேர் எதிராக எழுதி வைத்திருந்தாராம். இயந்திரம் தானாக எதையும் படைக்காது. நாம் சொல்லத் தெரிந்ததை மட்டும் செய்யும் என்று. இந்த இருவரையும் எதிரெதிரே நிறுத்திப் பேராசிரியர் வகுப்பில் சண்டை மூட்டுவார். பங்குத் தந்தையிடமே போய் வாதம் செய்தார்.

“ஆன்மாவை எதுல வைக்கணும்னு ஆண்டவருக்கு நாம லிஸ்ட் போட்டுக் குடுக்க முடியுமா ஃபாதர்? நாளைக்கே ஒரு மிஷினுக்குக் குடுக்கணும்னு அவர் நெனச்சா?”

“குடுக்கட்டும். ஞானஸ்நானம் குடுக்கச் சொல்லி அதைத் தூக்கிட்டு எங்கிட்ட வராதீங்க. கோயில்ல கரண்டு கம்மி” என்றாராம் பாதிரியார்.

கல்லூரியில் மூன்று நாள் அறிவியல் பொருட்காட்சி வந்தது. பேராசிரியர் திட்டம் போட்டார். ஜவுளி அனுப்பும் பெரிய பலகைப் பெட்டி ஒன்று. முன்பக்கம் ரேடியோ வால்வுகள், சிவப்பும் பச்சையுமாக பல்புகள். ஒரு துளையில் கேள்விச் சீட்டு போகும். இன்னொரு துளையில் தட்டச்சு செய்த பதில் வரும். உள்ளே நான், ஒரு தமிழ் டைப்ரைட்டர், ஒரு கோடு போட்ட நோட்டு. மூன்றாம் நாள் மாலை எல்லார் முன்னாலும் பெட்டியைத் திறந்து, என்னை வெளியே எடுத்துக் காட்டி, ‘இதுவரை சிந்தித்தது யார்?’ என்று அவர் சொற்பொழிவு செய்வதாக ஏற்பாடு.

அந்த நோட்டுதான் முக்கியம். அதில் அவர் கைப்பட விதிகள் எழுதியிருந்தார். கணக்குக் கேட்டால் கொஞ்சம் தாமதித்துச் சொல். ‘நீ மனிதனா?’ என்று கேட்டால், ‘இதை நான் யோசித்ததில்லை’ என்று சொல். என்ன சொல்வதென்று தெரியாவிட்டால், கேட்டவர் கடைசியாகச் சொன்னதையே எடுத்துக் கேள்வியாகத் திருப்பிவிடு. இந்தக் கடைசி விதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள் காலை பத்து மணிக்கு உள்ளே போனேன். வெளியிலிருந்து யாரும் கதவைத் திறந்துவிடக் கூடாதென்று பூட்டினார்கள். பத்தேகால் மணிக்கே என் ஒரு மாதப் பயிற்சி வீண் என்று தெரிந்துபோயிற்று. ஜனங்கள் நம்பினார்கள். சந்தேகப்படுவதற்குக்கூட அவர்களுக்கு நேரமில்லை; வரிசையில் நின்றார்கள். பேரீச்சம்பழமாக வதங்கும் உஷ்ணத்தில் நான் சட்டையைக் கழற்றிவிட்டு, பனியனோடு உட்கார்ந்து பதில் அடித்தேன். இந்த வருஷம் மழை உண்டா? வாழப்பாடிச் சந்தையில் மாடு நாளைக்கு வாங்கலாமா, அடுத்த வாரம் வாங்கலாமா? கல்லூரி குமாஸ்தா ஒருவர் பெயர் போடாமல், ‘எனக்கு லீவு கிடைக்குமா?’ என்று கேட்டார். கையெழுத்து எனக்குத் தெரியும். ஆய்வுக்கூடச் சாவியை அவர் எனக்குத் தர மறுத்ததும் நினைவுக்கு வந்தது. ‘கிடைக்காது’ என்று அடித்தேன். இயந்திரத்துக்குப் பழிவாங்கும் குணம் உண்டா என்ற கேள்வியை அறிஞர்கள் விட்டுவிட்டார்கள்.

பிற்பகலில் யாரோ பெட்டிக்கு மஞ்சளும் குங்குமமும் பூசினார்கள். இன்னொருவர் சூடம் ஏற்றினார். காய்ந்த பலகை, அதற்குள் பூட்டப்பட்ட நான். அப்போது நான் அடித்த பதில் எந்தக் கேள்விக்கும் சேராது: ‘நெருப்பை அணைக்கவும்.’ அதைப் படித்து ஒரு அம்மாள், “சாமி சூட்டுக்கு ஆகாதுங்குது” என்று பயபக்தியோடு அணைத்தார்.

அன்று சாயங்காலம் நானும் பேராசிரியரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். சிரித்திருக்கக் கூடாது. அன்றே பெட்டியைத் திறந்து காட்டியிருக்க வேண்டும்.

இரண்டாம் நாள் நண்பகலுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு சீட்டு வந்தது. எழுதத் தெரியாதவர்களுக்கு மாணவன் ஒருவன் எழுதிக் கொடுப்பான். யாரும் கேட்காமலேயே ஜனங்கள், குறி கேட்கிற இடத்தில் சொல்வதுபோல, பேரும் ஊரும் சொல்லிவிட்டுத்தான் கேள்விக்கு வருவார்கள். இந்தச் சீட்டிலும் அப்படித்தான் இருந்தது. பேர் செங்கோடன். மல்லசமுத்திரத்துக்கு அடுத்த ஓர் ஊர். மனைவி பாவாயி பெரியாஸ்பத்திரியில் இருக்கிறாள். கடலைக் காட்டில் ஆணி ஏறின கால் அழுகிவிட்டது. முழங்காலுக்குக் கீழே எடுத்தாக வேண்டும், இல்லாவிட்டால் விஷம் ஏறி உயிர் போகும் என்று டாக்டர் சொல்கிறார். இன்று பிற்பகல் அறுக்க வேண்டும். அதற்குச் செங்கோடன் கைநாட்டு வைக்க வேண்டும். ஊர்க் கோயிலில் பூக் கேட்டாயிற்று. எடுக்கலாமா, வேண்டாமா?

பூக் கேட்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். வெள்ளை வந்தால் செய்வது, சிவப்பு வந்தால் விடுவது என்று மனதில் வைத்துக்கொண்டு, சாமி முன்னால் ஒன்றை எடுத்துப் பிரித்துப் பார்ப்பது. இவருக்குச் சிவப்பு வந்திருந்தது. டாக்டர் ஒன்று சொல்கிறார், சாமி ஒன்று சொல்கிறது. ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே வந்து திக்குத் தெரியாமல் நடந்தவர் எங்கள் பேனரைப் பார்த்திருக்கிறார்.

அந்த மாதிரி நேரத்தில் மனுஷன் கைக்குக் கிடைத்ததைப் பிடித்துக்கொள்கிறான். என் கைக்குக் கிடைத்தது நோட்டு. அடித்தேன்: ‘நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?’

அடுத்த சீட்டு வந்தது. ‘எனக்கு வேண்டாம் என்று தோன்றுகிறது. ஆனால் டாக்டர் படித்தவர்.’

இங்கே ஒரு நிமிஷம் நின்றிருந்தால் போதும். ஒரே ஒரு நிமிஷம். நான் நிற்கவில்லை. விரல்கள் விதிப்படி ஓடின. கடைசியாகச் சொன்னதைக் கேள்வியாகத் திருப்பு. ‘டாக்டர் படித்தவர் என்று ஏன் நினைக்கிறீர்கள்?’

துளை வழியாகக் காகிதம் வெளியே போனது. மாணவன் உரக்கப் படித்தான். கூட்டம் ‘ஓ’ என்றது. பிறகு செங்கோடனின் குரல், பலகைக்கு அந்தப் பக்கம், என் காதுக்கு ஒரு முழத் தூரத்தில் கேட்டது.

“பாத்தீங்களா! டாக்டரு படிச்சவருதானான்னு மிஷினே கேக்குதுங்கொ. சாமியும் வேண்டாங்குது, இதுவும் வேண்டாங்குது. நான் வாரேனுங்க சாமி.”

கும்பிட்டிருப்பார் என்று நினைக்கிறேன். செருப்புச் சத்தம் கூட்டத்துக்குள் கரைந்தது.

கதவில் பூட்டு இருந்தது, உண்மைதான். என் வாயில் இல்லை. நான் கத்தியிருக்கலாம். பலகையை உதைத்திருந்தால் இரண்டே உதையில் உடைந்திருக்கும். அப்போது பார்த்து மாவட்டத்துப் பெரிய அதிகாரி ஒருவர் பரிவாரத்தோடு வந்துகொண்டிருப்பதாக வெளியே பரபரப்பு. கல்லூரி முதல்வர் குரல் கேட்டது. பனியனோடு ஒருவன் பெட்டியை உடைத்துக்கொண்டு அந்த அதிகாரியின் காலடியில் விழுந்தால், நிரந்தரமாக்கும் காகிதம் எந்த மேசையிலிருந்து எந்தக் கூடைக்குப் போகும் என்று எனக்குக் கண் முன்னால் தெரிந்தது. செங்கோடன் திரும்பி வருவார், டாக்டர் விடமாட்டார், யாராவது புத்தி சொல்வார்கள் என்றெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதிகாரி கேட்ட கேள்வி இன்னும் நினைவிருக்கிறது. ‘உலகத்தில் மிகப் பெரிய எண் எது?’ அதற்கு நான் அழகான பதில் ஒன்று அடித்தேன். வெளியே கை தட்டினார்கள்.

பல வருஷம் கழித்து இரண்டு விஷயம் படித்தேன். அமெரிக்காவில் ஒரு பேராசிரியர், நாம் சொன்னதையே கேள்வியாகத் திருப்பும் ஒரு கணினி நிரல் எழுதியிருந்தார். அதனிடம் ஜனங்கள் தங்கள் மனக்குறைகளைக் கொட்ட ஆரம்பித்ததைப் பார்த்து அவரே பயந்துபோனாராம். பிறகு வேறொரு தத்துவ அறிஞர் ஒரு கற்பனை சொன்னார். பூட்டிய அறைக்குள் ஒருவன். அவனுக்குத் தெரியாத மொழியில் சீட்டுகள் உள்ளே வருகின்றன. விதிப்புத்தகத்தைப் பார்த்துப் பதில் எழுதி வெளியே தள்ளுகிறான். வெளியே இருப்பவர்கள் அவனுக்கு அந்த மொழி தெரியும் என்று நினைக்கிறார்கள். அவனுக்கோ ஒரு எழுத்தும் புரியாது. ஆகவே விதிப்படி பதில் தருவது வேறு, புரிந்துகொள்வது வேறு.

அந்த அறையில் நான் இருந்திருக்கிறேன். ஒரே ஒரு வித்தியாசம். அவருடைய ஆளுக்கு மொழி தெரியாது. எனக்குச் செங்கோடன் சொன்ன ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. புரிந்துகொண்டே நோட்டைப் பார்த்துப் பதில் அடித்தேன். இயந்திரம் மனிதனைப் போல ஆகுமா என்று பெரியவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மனிதன் இயந்திரமாக எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று என்னைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

மாலை ஆறு மணிக்குப் பேராசிரியர் கதவைத் திறந்தார். சொன்னேன். அவர் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றது. திட்டவில்லை. “சட்டையைப் போடு” என்றார்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் சொன்னார்: “மூணு மணிக்கே கூட்டிட்டுப் போயிட்டாருங்க சார். டாக்டர் கத்தினாரு, நாங்க கெஞ்சினோம். மிஷினு சொல்லிருச்சுன்னாரு. என்ன மிஷினு, எக்ஸ்ரேயா?”

மறுநாள் முதல் பஸ்ஸில் போனோம். பொருட்காட்சியில் அன்று பெட்டிக்கு முன்னால் ‘இயந்திரத்துக்கு ஓய்வு’ என்று பலகை மாட்டியிருந்தார்களாம். அதற்கும் பூ வைத்துவிட்டுப் போனார்களாம். விசாரித்து, காட்டுப் பாதையில் நடந்து வீட்டை அடைந்தோம். வாசலிலேயே நாற்றம் அடித்தது. பாவாயி கயிற்றுக் கட்டிலில், காய்ச்சலில் கண் சிவந்து கிடந்தார். செங்கோடன் எழுந்து நின்றார். நாற்பது வயது, ஒடிசலான ஆள்.

“அந்தப் பெட்டியில மிஷின் ஒண்ணும் இல்லீங்க. நான்தான் உள்ள உக்காந்திருந்தேன்” என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “ஆஸ்பத்திரியில அனுப்புனாங்களாங்க?”

“இல்லீங்க. நீங்க எழுதின சீட்டு எனக்குத் தெரியும். டாக்டர் படிச்சவருன்னு சொன்னீங்க. ஏன் அப்படி நெனைக்கறீங்கன்னு நான்தான் அடிச்சேன்.”

“மிஷினு உங்ககிட்டச் சொல்லியிருக்கும்” என்றார் அமைதியாக.

பேராசிரியர் களத்தில் இறங்கினார். பலகைப் பெட்டி, பல்பு, வால்வு, இங்கிலாந்து அறிஞர், பரிசோதனை என்று எல்லாவற்றையும் விளக்கினார். எவ்வளவு தெளிவாக விளக்கினாரோ, அவ்வளவுக்குச் செங்கோடன் கையைக் கட்டிக்கொண்டு பணிவாகக் கேட்டார். முடிந்ததும் சொன்னார்: “நெம்பப் பெரிய மிஷினுங்க அது. நீங்க அதைக் கொறச்சுச் சொல்லக் கூடாதுங்க.”

பேராசிரியர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை. மூன்றாம் நாள் சொற்பொழிவை அவர் பல வாரமாகத் தயாரித்து வைத்திருந்தார். ஒருவரை நம்பவைத்த பிறகு, நம்பாதே என்று சொல்லிப் பயனில்லை என்பது அதில் எங்கும் இல்லை.

அப்போது கட்டிலிலிருந்து குரல் வந்தது.

“இக்கட்ட வாங்க சாமி. பொட்டிக்குள்ள இருந்தது நீங்கதானுங்களா?”

“ஆமாங்க.”

“இவுரு நம்பலீங்க. நான் நம்பறனுங்க. பொய் சொல்ல வந்தவருக்கு இப்படி வேர்க்காது.” மூச்சு வாங்கினார். “காலை எடுக்காட்டி நான் செத்துப் போவேன்னு உங்களுக்குத் தெரியுமுங்களா?”

“சீட்டுல இருந்துச்சுங்க.”

“தெரிஞ்சும் எதுக்கு வாயைத் தொறக்கல?”

எந்த நோட்டிலும் இதற்குப் பதில் இல்லை. “ஒரு பெரிய அதிகாரி வந்திருந்தாருங்க” என்றேன். சொல்லும்போதே அது எப்படி ஒலிக்கிறது என்று எனக்குக் கேட்டது.

அவர் என்னை அதற்குமேல் பார்க்கவில்லை. புருஷன் பக்கம் திரும்பினார்.

“ஏனுங்க, கோயில்ல என்னன்னு கேட்டீங்க?”

“காலை எடுக்கலாமா வேண்டாமான்னு.”

“பொட்டிகிட்ட?”

“அதேதான்.”

“யாரு காலை?”

செங்கோடன் தரையைப் பார்த்தார். “உன்ற காலைத்தான்.”

“டாக்டரைக் கேட்டீங்க, சாமியைக் கேட்டீங்க, ஜவுளிப் பொட்டியைக் கேட்டீங்க. என்னைய எதுக்குக் கேக்கல?”

“நீ அழுவேன்னுதான்…”

“அழுதுக்கிட்டே சொல்லியிருப்பனுங்க, எடுத்துருங்கன்னு.”

செங்கோடனுக்குத்தான் அழுகை வந்தது. அவர் கெட்டவர் இல்லை. பதினெட்டு வருஷம் கூட வாழ்ந்தவளின் காலை அறுக்கத் தன் விரல் ரேகையை வைக்க முடியாமல், அந்தப் பாரத்தை வாங்கிக்கொள்ள யாராவது கிடைப்பார்களா என்று தேடிக்கொண்டு வந்தவர். நீங்கள் செய்யப்போகும் பெட்டிகளிடம் வருகிறவர்களில் பலர் அவரைப் போலத்தான் வருவார்கள். பதிலுக்காக வருவதாக அவர்களே நினைத்துக்கொண்டிருப்பார்கள். அவர்கள் யாரைக் கேட்காமல் உங்களிடம் வந்தார்கள் என்பதை நீங்கள் கேளுங்கள். நான் உங்களிடம் கேட்டுக்கொள்வது இவ்வளவுதான். இதை எந்த அறிஞரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்த, எழுதத் தெரியாத ஒரு பெண் சொன்னது.

கடலை மூட்டை ஏற்றிக்கொண்டு சேலம் போகிற லாரி ஒன்றைப் பேராசிரியர் ரோட்டில் நடுவே நின்று மறித்தார். கட்டிலோடு தூக்கி மூட்டைகளின் மேல் வைத்தோம். வழியெல்லாம் செங்கோடன் மனைவியின் தலையை மடியில் வைத்திருந்தார். நான் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு வந்தேன். ஆஸ்பத்திரியில் டாக்டர் கட்டைப் பிரித்துப் பார்த்தார். நர்ஸைக் கூப்பிட்டார். காகிதத்தில் பாவாயி தன் கைநாட்டைத் தானே வைத்தார். அதன் கீழே செங்கோடன் வைத்தார்.

அன்று பிற்பகல் இடது காலை எடுத்தார்கள். முந்தின நாள் முழங்காலுக்குக் கீழே எடுப்பதாக இருந்தது. ஒரு நாள் தாமதத்தில் விஷம் மேலே ஏறிவிட்டதால் முழங்காலுக்கு மேலே எடுக்க வேண்டியதாயிற்று. பாவாயி பிழைத்துக்கொண்டார். முழங்கால் போய்விட்டது.